ஞாயிற்றுக்கிழமைக் கால் சூப்பு

1

நம் பங்குக் கோவில் மடலுக்கு வெளிநாட்டு அனுபவத்தை எழுதி அனுப்பும்படி சாமியார் என் தம்பி ஆரோக்கியத்திடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாராம். பன்னிரண்டு வருஷமாக மஸ்கட்டில் இருப்பவனுக்கு எழுத விஷயமா இல்லை என்று நினைத்திருப்பார். உண்மைதான். ஒட்டகத்தைப் பற்றி எழுதலாம். பேரீச்சம்பழத்தில் எத்தனை வகை என்று எழுதலாம். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும் வெயிலைப் பற்றி எழுதலாம். படித்துவிட்டு நீங்களும், "சேவியரு நல்லாத்தான் கீறான்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

சேவியர் நன்றாக இல்லை. வலது கால் கட்டைவிரல் வீங்கி, செருப்பில் நுழையாமல், ஒரு தலையணைமேல் துரை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சாமியார் மன்னிக்க வேண்டும்.

இன்று வியாழக்கிழமை. நாளையோடு என் நைனா சூசை இறந்து ஒன்பது வருஷம் முடிகிறது. நாளை காலை மேனாம்பேட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷம் முன்பு விடுமுறையில் வந்திருந்தபோது நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அன்றிலிருந்து அம்மா பூசையில் நன்மை வாங்க, சாமியார் கையால் அந்த அப்பத்தை வாங்க, எழுந்திருப்பதில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது மூன்றாவது பெஞ்சில், சுவர் ஓரமாக, உட்கார்ந்தபடியே இருக்கிறாள். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஏன் என்று கேட்காமல் இருந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்வதா, கோபித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்ன அந்த வார்த்தை தப்பு என்று நேற்றுதான் தெரிந்தது. அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

2

நைனாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இரும்புப் பவுண்டரியில் உலைப் பக்கம் வேலை. உருகின இரும்பை அச்சில் ஊற்றுகிற ஆள். காலை ஷிப்டுக்குப் போனால் சாயங்காலம் வரும்போது சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருக்கும். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், ஒதுங்கப் போனால் மேஸ்திரி முறைப்பான். குடிக்காத தண்ணீருக்கெல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை சாயங்காலம் சாராயக் கடையில் ஈடுகட்டுவார். மற்றபடி யார் வம்புக்கும் போகாத மனிதர்.

எண்பத்தி இரண்டில், ஒரு திங்கட்கிழமை காலை, ஷூ மாட்ட உட்கார்ந்தவர் அலறினார். எங்கள் வீட்டில் அதற்கு முன் அவர் அலறி யாரும் கேட்டதில்லை. கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாய்யா இது, தக்காளியாட்டம் வீங்கிகினு கீது?"

"கிட்ட வராத! பொடவ முந்தானி பட்டாகூட உசுரு போவுது."

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் கால் வீங்கினால் ஒரே ஒரு அர்த்தம்தான். யானைக்கால். சாக்கடையும் கொசுவும் நமக்குப் புதிதா என்ன? பக்கத்து வீட்டில் அந்த வார்த்தையை வாய்விட்டே சொன்னார்கள். நைனாவுக்கு வலியைவிட அந்த வார்த்தைதான் பயம். யானைக்கால் என்று கம்பெனியில் தெரிந்தால் உலைப் பக்கம் விட மாட்டார்கள், கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, யானைக்கால் இல்லை என்றார்கள். நானும் கூடப் போயிருந்தேன், ஐ.டி.ஐ. முடித்த பையன். இல்லை என்றதும் அப்பனும் பிள்ளையும் டாக்டரைக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டோம். அது இல்லையென்றால் பின்னே என்ன என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அம்மா மட்டும் கேட்டாள். கேட்டு, அவளே பதிலும் வைத்திருந்தாள். "ரத்தம் செத்துப்பூட்ச்சி. காலுக்கு பலம் இல்ல. கால் சூப்பு வெச்சி குட்த்தா எல்லாம் சரியாப் பூடும்."

கால் வலிக்குக் கால் சூப்பு. இதை நம்பாத வீடு அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை ஒன்று இருந்தால் காட்டுங்கள். சனிக்கிழமை நான் ரயில்வே கேட் பக்கம் பாய் கடைக்குப் போவேன். நாலு ஆட்டுக்கால், தீயில் வாட்டி, சுரண்டி, வெட்டித் தருவார். கூட ஒரு சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல்தான், எங்கள் பக்கம் அதற்கு அப்படிப் பெயர். ரத்தம் ஊறும் என்பார்கள். வசதிப்பட்டால் கால் கிலோ ஈரல். ராத்திரி முழுக்கக் கணப்பில் கால் வேகும். மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் அம்மியில் அரைத்துப் போட்டு, ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்ததும் பெரிய டம்ளர் நிறைய நைனா கையில் வரும். எங்களுக்குக் கிடையாது. நைனா குடிப்பதை அம்மா எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார்.

எட்டாம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. இந்த நோய்க்கு அதுதான் குணம். தானாக வரும், ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போகும். அது எங்களுக்குத் தெரியாதே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. பெயர் சூப்புக்குப் போனது. மறுபடி வீங்கினால், "போன வாரம் சூப்பு வெக்கல, பாத்தியா" என்பாள் அம்மா. வடிந்தால், "சூப்பு கேட்டுகிச்சி" என்பாள். எப்படிப் பார்த்தாலும் சூப்புதான் ஜெயித்தது.

வேலை நாளில் சூப்பை நம்பி ஷூ போட முடியுமா? அதற்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிக்கொள்வார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. எண்பத்தி ஏழில் நான் மஸ்கட் வந்த பிறகு இங்கே அதைவிட வீரியமான மாத்திரை புட்டி புட்டியாகக் கிடைத்தது. ஊருக்குப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் சோப்பு, தைலத்தோடு இரண்டு புட்டி கொடுத்தனுப்புவேன். நைனா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "என் புள்ள பாரின்லேர்ந்து அனுப்ச்சது, ஒன்னு போட்டா போதும், பறக்கலாம்" என்று தெருவெல்லாம் காட்டுவாராம்.

3

தொண்ணூறில் போய்விட்டார். விரல் மூட்டுகளில் முண்டு முண்டாகக் கட்டி வந்திருக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்கிறார்கள் என்று ஆரோக்கியம் எழுதிய கடிதமும், இறந்துவிட்டார் என்ற தந்தியும் ஒரே வாரத்தில் வந்தன. என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி வைத்திருந்தவர் விடுமுறையில் போயிருந்தார். அவர் வந்து, கடிதம் அடித்து, முத்திரை குத்தி, இன்னொரு மேசையில் இன்னொரு முத்திரை குத்தி முடிப்பதற்குள் ஊரில் பத்தாம் நாள் பூசையே முடிந்துவிட்டது. வெளிநாட்டு அனுபவம் என்று கேட்டீர்களே சாமி, இதுதான் அது.

தொண்ணூற்றி ஐந்தில் எனக்கு வந்தது. நைனாவுக்கு வந்த அதே காலில், அதே விரலில். ஏ.சி. பராமரிப்பில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. நாள் முழுக்க மொட்டை மாடிகளில் ஏறி இறங்க வேண்டும். நொண்டினால் கம்பெனி டாக்டர் 'தகுதியில்லை' என்று எழுதிவிடுவாரோ என்று பயந்து, ஷூவின் முன்பக்கத்தைப் பிளேடால் கிழித்துவிட்டு இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் மலையாளி. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நின்றார்கள். விரலைப் பார்த்தார், காலையில் எடுத்த ரத்தத்தின் சீட்டைப் பார்த்தார், "யூரிக் ஆசிட். கவுட்" என்றார், மூட்டு வாதத்தில் ஒரு வகையாம், மாத்திரை எழுதினார், ஒரு வழவழப்பான காகிதத்தைக் கையில் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம். காகிதத்தில் சாப்பிடக் கூடாதவை எல்லாம் படமாகப் போட்டிருந்தது. ஈரல். மூளை. மண்ணீரல். ஆட்டுக்கால். கிளாஸில் நுரையோடு பீர். பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று யாரோ வரைந்தது போல இருந்தது.

வீட்டில் என் மகள் நிஷா அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது, எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிப்பாள். பள்ளியில் இந்தி, தெருவில் அரபி, வீட்டில் எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ். பிறகு எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து, "அப்பா, இது கிங்குக்கு வர டிஸீஸாம். நீ கிங்கா?" என்றாள். என் மனைவி ஸ்டெல்லா சிரித்தாள். நானும் சிரித்தேன். மேனாம்பேட்டு சூசை ராஜா, அவர் மகன் சேவியர் இளவரசன். சிரித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்தேன். அம்மாவுக்கு எழுதவில்லை. எழுதினால் அதன் அர்த்தம் என்ன என்று அவளுக்குப் புரிந்துவிடும். அந்த அளவுக்கு அப்போது புத்தி இருந்தது.

4

மறு வருஷம் முப்பது நாள் விடுமுறையில் தனியாக வந்தேன். நைனாவின் நினைவுப் பூசையை ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. செருப்பு கடித்துவிட்டது என்றேன். நைனாவோடு வாழ்ந்தவளிடமா இது எடுபடும்?

"இன்னாடா, அப்டியே உங்க நைனா மாறி நடக்கற?" என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். "தம்பிக்கும் அப்டித்தான் கீது. ரெண்டு பேருக்கும் சேத்தே வெச்சிட்றேன்."

எனக்கு அப்போதுதான் தெரியும். ஆரோக்கியம் அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டில் பிட்டர். வருஷத்தில் நாலு தடவை அவனுக்கும் வீங்குகிறது, ஒவ்வொரு ஞாயிறும் அவனும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். முப்பத்தி இரண்டு வயசு, இரண்டு சின்னப் பிள்ளைகள். நைனாவுக்கு எட்டு வருஷம் ஆனது. இவனுக்கு எத்தனை?

நினைவுப் பூசைக்கு நடந்து போகும்போது, நொண்டிகள் இரண்டு பேரும் பின்னால் வந்தோம். பர்ஸிலிருந்த காகிதத்தைக் காட்டிச் சொன்னேன். நின்று கேட்டான். முகம் செத்துவிட்டது.

"நெஜமாவா அண்ணாத்தே?"

"எழுதியே குடுத்துகிறாரு, பாரு. அந்தச் சூப்ப இனிமே தொடாத."

"தொடாம? அம்மா ஊத்திக் குட்த்துட்டு எதுர்லயே குந்திகினு பாக்குது. இன்னான்னு சொல்றது?"

"உண்மையச் சொல்லு."

"யோவ், சும்மா இரு. நைனாவ நாந்தான் சாவடிச்சேன்னு அது மனசு உட்டுபூடும். நீ முப்பது நாள்ல பிளேன் ஏறிடுவ. கூட இருந்து பாக்கப் போறவன் நானு." என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்த மட்டும் அதுகிட்ட சொல்லாத. நான் குடிக்கிற மாறி குட்ச்சிட்டு மெல்ல நிறுத்திக்கிறேன்."

சரி என்றேன். கோவில் வாசலில் நின்று சொன்னேன், சரி என்று.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். நைனாவின் தங்கை, எங்கள் அத்தை, திருமழிசையிலிருந்து வந்திருந்தாள். மாலை போட்ட நைனா படத்துக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்தோம். அம்மா அந்தப் பெரிய டம்ளர் இரண்டைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். மேலே நெய் மாதிரி கொழுப்பு மிதந்தது. மிளகு வாசம் வீடு முழுக்க. நாக்கில் எச்சில் ஊறியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"அதே பக்குவம்டா. எட்டு வருசம் அந்த மனுசன நடமாட வெச்சது இந்த சூப்புதான்" என்றாள் அம்மா.

"பின்ன? அண்ணி மட்டும் இல்லேன்னா எங்கண்ணன் என்னிக்கோ படுத்த படுக்கையா ஆயிருப்பான்" என்றாள் அத்தை.

அம்மா முகத்தில் அப்போது ஒரு பெருமை. அவளுக்கு அந்த வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆரோக்கியம் டம்ளரை எடுத்தான். எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு வாய் குடித்தான். குடிக்கிற மாதிரி அல்ல, நிஜமாகவே குடித்தான். இரண்டாவது வாய்க்குத் தூக்கினான்.

"கீழ வைடா" என்றேன்.

"இன்னாடா?" என்றாள் அம்மா.

"கீழ வைடான்றேன்ல! இந்தச் சூப்புதான் நைனாவக் கொன்னுச்சி. இவனையும் கொல்லப் போவுது. போதுமா?"

இந்தப் 'போதுமா' என்னத்துக்கு வந்தது என்று மூன்று வருஷமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று நைனாதான் அடிக்கடி சொல்வார். அவர் படத்துக்குக் கீழேயே கொட்டினேன்.

அம்மா கத்தவில்லை. "ஆரு சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழே படிக்கத் தெரியாது. ஆனால் அதில்தான் படம் இருந்ததே. விரலை வைத்துப் பார்த்தாள். "இது ஈரலு. இது காலு." விரல் நின்றது. "இது சுவரொட்டியா?"

"ஆமா."

மடித்து என்னிடமே கொடுத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "உப்பு பத்தலேன்னுகூட ஒரு நாளும் சொன்னதில்லயே அந்த மனுசன்."

பிறகு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தை எழுந்து அவள் பின்னால் போனாள். ஆரோக்கியம் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பிளேன் ஏறும் வரை அவன் என்னோடு பேசியதெல்லாம், பெட்டி எத்தனை கிலோ என்பது மட்டும்தான்.

5

அதன் பிறகு எங்கள் வீட்டில் கால் சூப்பு வைக்கவில்லை. அந்தக் குண்டானையே அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஆரோக்கியம் டாக்டரிடம் போய் முறையாக மருந்து சாப்பிட்டு இப்போது நன்றாக நடக்கிறான். அவன் கால் பிழைத்தது நான் அப்படிக் கொட்டியதால்தானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டதும் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

சூப்பு வைத்ததைப் பாவமென்று சொல்லி அம்மா பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். அவளே தம்பியிடம் சொன்னது. அப்போதிருந்த சாமியார், தெரியாமல் செய்தது பாவமே இல்லை, போய் நன்மை வாங்கு என்று சொல்லியிருக்கிறார். அம்மா கேட்கவில்லை. "சாமியாருக்கு இன்னா தெரியும்? அவரா சூப்பு வெச்சாரு?" என்றாளாம். தம்பி கடிதத்தில் இதை எழுதியபோது சிரிப்பு வந்தது, கடிதத்தை மடிப்பதற்குள் அழுகையும் வந்தது.

நானும் மூன்று வருஷமாகக் கறியைத் தொடவில்லை. பீர் இல்லை. ஸ்டெல்லா மீன்கூட அளந்துதான் போடுவாள். மாத்திரையைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டேன். பத்தியம் இருக்கும்போது மாத்திரை எதற்கு என்ற திமிர். ஆனாலும் போன வாரம் விரல் வீங்கிவிட்டது. நேற்று கிளினிக்கில் புது டாக்டர், சூடான்காரப் பெண்மணி. கூட்டம் இல்லாததால் உட்காரச் சொல்லி நிதானமாகக் கேட்டார். கறி சாப்பிடாமலேயே எப்படி வரும் என்று நான் சண்டை போடுவது போலக் கேட்டேன்.

சாப்பாடு ஒரு பங்குதான் என்றார் அவர். உடம்பு வாகு, பரம்பரை, வயசு, வெயில், தண்ணீர் குடிக்காதது, சாராயம் எல்லாம் சேர்ந்துதான் அந்த நோய். சிறுநீரகம் யூரிக் ஆசிட்டைச் சரியாக வெளியே தள்ளாவிட்டால் பச்சைக் கீரை சாப்பிடுகிறவனுக்கும் வரும் என்றார். அப்பாவுக்கு உண்டா என்று கேட்டார். உலையைச் சொன்னேன், சனிக்கிழமைச் சாராயத்தைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"வலிக்கு என்ன சாப்பிட்டார்?"

பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எத்தனை நாள்?"

"எட்டு வருஷம். கடைசி மூணு வருஷம் இங்கேயிருந்து நான்தான் அனுப்பினேன். தினமும் இரண்டு, சில நாள் மூன்று."

நானே கேட்டேன், சூப்புதானே அவரைக் கொன்றது என்று. அவர் இல்லை என்று தலையசைத்தார். சூப்பு நல்லதல்ல, வலியை அடிக்கடி கூப்பிட்டிருக்கும் என்றார். ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருந்த சிறுநீரகத்தின்மேல், தண்ணீரும் குடிக்காமல், அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் தினமும் போட்டால் அது தாங்காது என்றார். "பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சூப்பா, மாத்திரையா என்று கேட்டால் மாத்திரை என்றுதான் சொல்வேன்."

மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த புட்டிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. நான் வாங்கினவை. நான் பஞ்சு வைத்து அடைத்து, உடையாமல் லுங்கியில் சுற்றி, பெட்டி பெட்டியாகக் கொடுத்தனுப்பினவை. அவருக்கு அம்மா வாரத்துக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். நான் தினமும் கொடுத்தேன். பழியை மட்டும் அவள் தலையில் போட்டுவிட்டுப் பிளேன் ஏறினேன்.

6

இதை வெள்ளிக்கிழமை மத்தியானம் எழுதுகிறேன். போன் செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் இன்னும் போன் இல்லை. எதிர் வீட்டு நம்பர்தான். "பத்து நிமிசம் கழிச்சி போடுப்பா, அம்மாவ இட்டாரேன்" என்றார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்ல வேண்டியதை ஐந்து விதமாக மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். நிஷாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாட்டிக்கு ஸ்தோத்திரம் சொல்லணும்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். லைன் கிடைத்ததும், "ஹாய் பாட்டி" என்று கத்திவிட்டு டிவி பார்க்க ஓடிவிட்டாள். அம்மாவின் மூச்சு வாங்குவது கேட்டது. தெருவைத் தாண்டி ஓடி வந்திருக்கிறாள்.

"நல்லா கீறியாடா? பூசைக்குப் பூட்டு இப்பதான் வந்தேன்."

"நன்மை வாங்கினியாம்மா?"

"தம்பியும்தான் கூட வந்தான்" என்றாள்.

பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். "அம்மா, நைனா செத்தது சூப்பால இல்லம்மா. வேற டாக்டர் பார்த்துச் சொன்னாங்க. நான் அனுப்பினேனே மாத்திரை, அதும்மா. அதுதான் கிட்னியக் கெடுத்துச்சி. உன் சூப்பு இல்ல. நான் தெரியாம உன்னச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ குழந்தை அழுதது. சைக்கிள் மணி அடித்தது.

"ஆர்கிட்டனா சொன்னியா இத்த?" என்றாள்.

"இல்ல."

"தம்பிகிட்ட?"

"இல்லம்மா. உங்கிட்டதான் மொதல்ல."

"சொல்லாத. ஆர்கிட்டயும் சொல்லாத." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருந்திருப்பார்கள். "அது சூப்பாவே இருந்துட்டு போவட்டும்டா. எனக்குப் பழகிப்பூட்ச்சி. நீ புள்ளகுட்டிக்காரன், தூர தேசத்துல கீற. உனுக்கு வேணாம் அது."

"அம்மா…"

"தண்ணி நெறைய குடி. வெச்சிடறேன், அவுங்க வேல கெடுது."

வைத்துவிட்டாள்.

வாழ்க்கையில் அம்மா பேச்சை நான் பல தடவை தட்டியிருக்கிறேன். பெரும்பாலும் என் சௌகரியத்துக்காகத் தட்டியதுதான். இந்தத் தடவை அவளுக்காகத் தட்டுகிறேன். யாரிடமும் சொல்லாதே என்றாள். அதனால்தான் பங்கு முழுக்கப் படிக்கிற மடலில் எழுதுகிறேன். ஆரோக்கியம் இதைப் படித்துவிட்டு என்னோடு மறுபடி பேசாமல் இருந்தாலும் சரி. சாமியார் ஒரு வரியும் வெட்டாமல் போட வேண்டும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு முதல் பூசையில், எல்லோரும் நன்மை வாங்க எழும்போது, மூன்றாவது பெஞ்சில் சுவர் ஓரமாக லூர்து மேரி என்று ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி, கையைப் பிடித்து எழுப்பி உங்களுக்கு முன்னால் வரிசையில் நிறுத்துங்கள். வர மாட்டேன் என்றால், சேவியர் எல்லோரிடமும் சொல்லிவிட்டான் என்று சொல்லுங்கள்.